கூன்னா ஒரே கூன் இல்ல: வயசாக ஆக ஆணுக்கும் பெண்ணுக்கும் முதுகு ஏன் வேற வேற மாதிரி வளையுது

போன்ல வீடியோ பாத்துட்டு இருக்கும்போது நடுவுல முதுகு பெல்ட் விளம்பரம் வருது, பதினஞ்சு நாள் மாட்டினா கூன் நிமிர்ந்துடும்னு இருபத்தஞ்சு வயசு பையன் ஒருத்தன் மாட்டி காட்றான், அதை பாத்துட்டு வீட்ல இருக்கற 70 வயசு அம்மாவுக்கு ஆர்டர் போடறவங்க நிறைய. "வயசானா முதுகு வளையத்தான் செய்யும், அதுக்கு என்ன பண்ண முடியும்"னு அப்படியே விட்டுடறவங்க அதை விட நிறைய. ரெண்டு பேருமே ஒரே எடத்துல சறுக்கறாங்க. நமக்கு கூன்னு ஒரே வார்த்தைதான் இருக்கு, மந்தரைக்கும் அதான், கூன் பாண்டியனுக்கும் அதான், தெருமுனை இட்லிக்கடை பாட்டிக்கும் அதான். உள்ள பாத்தா அந்த ஒரு வார்த்தைக்கு அடியில அஞ்சாறு தனித்தனி சமாச்சாரம் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற, வைத்தியம் வேற, ஒண்ணுக்கு நல்லது பண்ற பயிற்சி இன்னொண்ணுல எலும்பை ஒடிச்சிடும். ஆண்களுக்கு அதிகமா வர்றது ஒரு ரகம், பெண்களுக்கு அதிகமா வர்றது வேற ரகம். அடிப்படைலேர்ந்து பாத்தாதான் இது பிடிபடும்.

நேரா நிக்கறதுன்னா என்ன

முதுகெலும்பு நேரா இருக்கணும்னு சொல்றோம், ஆனா நல்லா இருக்கற முதுகெலும்பை பக்கவாட்டுல எக்ஸ்ரே எடுத்து பாத்தா அது நேராவே இருக்காது. கழுத்துல 7 எலும்பு, நெஞ்சு பகுதியில 12, கீழ் முதுகுல 5, ஆக மொத்தம் 24 எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி இருக்கு, அதுக்கு கீழ இடுப்போட ஒட்டின திரிகம்ங்கற எலும்பு. கழுத்து லேசா முன்னாடி வளைஞ்சிருக்கும், நெஞ்சு பகுதி பின்னாடி வளைஞ்சிருக்கும், கீழ் முதுகு திரும்பவும் முன்னாடி. இந்த மூணு வளைவும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிக்கறதாலதான் தலை கரெக்டா இடுப்புக்கு மேல வந்து உக்காருது.

நெஞ்சு பகுதி வளைவுக்கு ஒரு அளவு இருக்கு. 1948ல ஜான் காப்னு ஒரு அமெரிக்க எலும்பு டாக்டர் எக்ஸ்ரேல கோடு போட்டு கோணம் அளக்கற முறையை சொன்னாரு, இன்னிக்கும் அதை காப் கோணம்னுதான் சொல்றாங்க. இளவயசுல 20லேர்ந்து 40 டிகிரி வரைக்கும் சாதாரணம். 40ஐ தாண்டினா கூன் பக்கம் போகுதுன்னு கணக்கு. பெண்கள்ல 55-60 வயசுல சராசரியே 43 டிகிரி கிட்ட இருக்கு, 76-80 வயசுல 52 கிட்ட போயிடுது. அதனால 75 வயசு பாட்டிக்கு 48 டிகிரின்னு ரிப்போர்ட் வந்தா உடனே பதற வேண்டாம், ஆனா ஏன் அப்படி ஆச்சுன்னு கேக்காம இருக்கவும் கூடாது.

இன்னொண்ணு, எடை எங்க விழுதுங்கறது. தண்ணிக்குடத்தை இடுப்புல வெச்சு ரெண்டு தெரு நடக்கலாம், அதே குடத்தை கையை நீட்டி முன்னாடி பிடிச்சுக்கிட்டு பத்தடி கூட போக முடியாது. குடத்தோட எடை மாறல, தூரம்தான் மாறுது. தலை நாலரை அஞ்சு கிலோ இருக்கும், அது இடுப்புக்கு நேர் மேல இருக்கற வரைக்கும் முதுகு தசைக்கு பெரிய வேலை இல்ல, அது முன்னாடி தள்ள தள்ள முதுகு தசை நாள் பூரா குடத்தை நீட்டி பிடிச்ச மாதிரி இழுத்துக்கிட்டே நிக்கணும். ழான் டுபூசேன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் இதை ஒரு கூம்பா கற்பனை பண்ண சொன்னாரு: காலடிலேர்ந்து மேல விரியற ஒரு புனல், உடம்பு அதுக்குள்ள ஆடற வரைக்கும் நிக்கறது சுலபம், வெளிய போனா ஒண்ணு தசை படாத பாடு படணும், இல்ல தடி வேணும். பாட்டி கைல தடி எதுக்குன்னா இதுக்குத்தான்.

வயசு கை வைக்கற நாலு எடம்

1. டிஸ்க். நம்மூர்ல ஜவ்வுன்னு சொல்றது. ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கற மெத்தை, மொத்தம் 23 இருக்கு, முதுகெலும்போட நீளத்துல கிட்டத்தட்ட கால்வாசி இந்த டிஸ்க்தான். நடுவுல இருக்கற கூழ்ல சின்ன வயசுல 80, 90 சதவீதம் தண்ணி, வயசானா 70 கிட்ட இறங்கிடும். காலைல இருக்கற உயரம் சாயந்தரம் ஒரு சென்டிமீட்டர் கிட்ட குறையறது இந்த தண்ணி நசுங்கி வெளிய போறதாலதான், ராத்திரி படுத்தா திரும்ப ஊறிடும். வயசானா ஊறறது குறைஞ்சிடும். அதுவும் டிஸ்க்கோட முன்பக்கம் அதிகமா தேயும், அதனால ஒரு எலும்பு கூட உடையாமலே முதுகு முன்னாடி சாய ஆரம்பிக்கும்.

2. எலும்பு. சுமார் 30 வயசு வரைக்கும் சேமிப்பு, அதுக்கப்புறம் செலவு. இதுலதான் ஆண் பெண் வித்தியாசம் பெருசா வருது, கீழ தனியா பாப்போம்.

3. தசை. 30க்கு மேல பத்து வருஷத்துக்கு 3லேர்ந்து 8 சதவீதம் தசை குறையுது, 60க்கு மேல இன்னும் வேகம். 1989ல இர்வின் ரோசன்பர்க்ங்கறவர் இதுக்கு சார்கோபீனியான்னு பேர் வெச்சாரு. கை மெலியறது கண்ணுக்கு தெரியும், முதுகை நிமிர்த்தி பிடிக்கற தசையும் பிட்டத்து தசையும் மெலியறது புடவைக்கும் சட்டைக்கும் உள்ளயே நடந்து முடிஞ்சிடும்.

4. மூட்டு. முட்டி குருத்தெலும்பு தேய்ஞ்சு கால் வில்லு மாதிரி வளையறது, இடுப்பு மூட்டு முழுசா நீள மறுக்கறது. நம்மூர் பாட்டிங்க ரெண்டு பக்கமும் ஆடி ஆடி நடக்கறது பெரும்பாலும் முட்டியாலதான், முதுகால இல்ல. முட்டி தேய்மானம் பெண்களுக்குத்தான் அதிகம்.

இந்த நாலும் சேர்ந்து உயரத்துல கை வைக்குது. அமெரிக்கால பால்டிமோர்ல ஒரே ஆட்களை வருஷக்கணக்கா தொடர்ந்து அளந்து பாத்த ஒரு பெரிய ஆய்வு இருக்கு. அதுல 30லேர்ந்து 70 வயசுக்குள்ள ஆண்கள் சராசரியா 3 சென்டிமீட்டர், பெண்கள் 5 சென்டிமீட்டர் குறைஞ்சாங்க, 80 வயசுல அது ஆண்களுக்கு 5, பெண்களுக்கு 8. ஒரு சாண்ல மூணுல ஒரு பங்குக்கு மேல. புடவை கொசுவம் தரைல இழுபடுதுன்னு பாட்டி சொன்னா பாட்டி சரியாத்தான் சொல்றாங்க.

தேய்மானம்ங்கற வார்த்தை பண்ற குழப்பம்

டாக்டர் கிட்ட போயிட்டு வந்து எல்லாரும் சொல்றது "எலும்பு தேய்மானமாம்". இதுல ரெண்டு நோய் கலந்து கிடக்கு. மூட்டுல இருக்கற குருத்தெலும்பு தேயறது ஒண்ணு, அதுல வலி தெரியும், முட்டி வீங்கும், உக்காந்து எந்திரிக்க முடியாது. இன்னொண்ணு ஆஸ்டியோபோரோசிஸ், எலும்புப்புரை, எலும்போட உள்பக்கம் கரையான் அரிச்ச மரம் மாதிரி ஆகறது, இதுல எலும்பு உடையற நாள் வரைக்கும் வலியே இருக்காது. முதல்ல சொன்னதுக்கு வலி மாத்திரை, பிசியோ, கடைசில முட்டி ஆபரேஷன். ரெண்டாவதுக்கு மருந்தே வேற. முட்டி தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடறோமே, எலும்புக்கும் அதுவே போதும்னு நினைச்சு எலும்பு அடர்த்தி டெஸ்ட்டே எடுக்காம போனவங்க ஏராளம். அந்த டெஸ்ட்டு பேரு டெக்ஸா ஸ்கேன், அதுல டி ஸ்கோர்னு ஒரு எண் வரும். 1994ல உலக சுகாதார அமைப்பு போட்ட கோடு: மைனஸ் 1 வரைக்கும் நார்மல், மைனஸ் 2.5 இல்ல அதுக்கும் கீழன்னா எலும்புப்புரை, நடுவுல இருந்தா எச்சரிக்கை.

பெண்களுக்கு: சத்தமில்லாம உடையற எலும்பு

இந்தியப் பெண்களுக்கு சராசரியா 46, 47 வயசுல மாதவிடாய் நின்னுடுது. அதோட ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் சரியுது. எலும்பு ஒரு பக்கம் கரையும், ஒரு பக்கம் புதுசா கட்டும், கரைக்கற வேலைக்கு பிரேக் போடறதே ஈஸ்ட்ரோஜன்தான். பிரேக் போனதும் அடுத்த அஞ்சாறு வருஷத்துல சில பேருக்கு 20 சதவீதம் வரைக்கும் எலும்பு போயிடும். எலும்புக்குள்ள சாரம் கட்டின மாதிரி குறுக்கும் நெடுக்குமா சன்ன கம்பிங்க இருக்கு, ஆண்களுக்கு வயசானா அந்த கம்பிங்க மெலியும், பெண்களுக்கு கம்பிங்களே அங்கங்க அறுந்து போயிடும். மெலிஞ்ச கம்பி இன்னும் சாரத்தை தாங்கும், குறுக்கு கம்பி அறுந்த சாரம் தாங்காது. ஒரே அளவு எலும்பு போனாலும் பெண்ணோட முதுகு முன்னாடியே நொறுங்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நொறுங்கறதுன்னா கீழ விழுந்து உடையறதுன்னு நினைச்சுக்க வேண்டாம். தண்ணி பக்கெட்டை குனிஞ்சு தூக்கறப்போ, பஸ்ல கடைசி சீட்ல உக்காந்திருக்கும்போது ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கி போடறப்போ, சில நேரம் பலமா இருமினா கூட போதும். எலும்போட முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆயிடும், பின்பக்கம் அப்படியே இருக்கும். ஒரு எலும்பு ஆப்பு ஆனா அதுக்கு மேல இருக்கற மொத்த அடுக்கும் முன்னாடி சாயும். குடம் கொஞ்சம் முன்னாடி போச்சு, கீழ இருக்கற எலும்புக்கு பாரம் ஏறுச்சு, அது அடுத்து நசுங்கும். ஒரு முதுகெலும்பு நசுங்கின பெண்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு ஒரு வருஷத்துக்குள்ளயே இன்னொண்ணு நசுங்குது. இப்படி நசுங்கறதுல மூணுல ரெண்டு பங்கு டாக்டர் கண்ணுக்கே வர்றதில்ல, "சுளுக்கு, வாய்வு பிடிப்பு"ன்னு தைலம் தேய்ச்சு நாலு வாரம் கழிச்சு வலி அடங்கிடும், வளைவு அடங்காது.

இங்க ஒரு திருத்தம் சொல்லியே ஆகணும். கூன் விழுந்தா கண்டிப்பா எலும்பு நசுங்கி இருக்கும்னு பல பேர் நம்பறாங்க. ரொம்ப அதிகமா வளைஞ்ச வயசானவங்களை எக்ஸ்ரே எடுத்து பாத்தா கூட மூணுல ஒரு பங்கு பேருக்குத்தான் எலும்பு நசுங்கி இருக்கு. மிச்ச பேருக்கு டிஸ்க்கும் தசையும்தான் காரணம். கால்சியம் மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டு முதுகு நிமிரலயேன்னு கேக்கறவங்களுக்கு பதில் இதுலயே இருக்கு.

ஆண்களுக்கு: யாரும் எதிர்பாக்காத கணக்கு

கூன்னா பாட்டிதான் மனசுல வரும். கலிபோர்னியால சான் டியகோ பக்கத்துல ராஞ்சோ பெர்னார்டோன்னு ஒரு ஊர்ல 1,353 வயசானவங்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2004ல வெளிவந்துச்சு. அளந்த விதம் ரொம்ப எளிமை: தட்டையான மேஜைல மல்லாக்க படுக்க சொல்லி, தலை நேரா இருக்கணும்னா அடியில 1.7 சென்டிமீட்டர் கட்டை எத்தனை வைக்க வேண்டி இருக்குன்னு எண்ணினாங்க. ஒரு கட்டையாவது தேவைப்பட்டா கூன். அந்த கணக்குல பெண்கள் 22 சதவீதம், ஆண்கள் 44 சதவீதம். ஆமா, ஆண்கள் ரெண்டு மடங்கு. இந்த கட்டை டெஸ்ட்ல நெஞ்சு வளைவோட சேர்த்து தலை முன்னாடி தள்ளினதும் கணக்குல வந்துடும்ங்கறதை ஞாபகம் வெச்சுக்கணும், ஆனாலும் ஆம்பளைங்களுக்கு கூன் அபூர்வம்ங்கற நம்பிக்கை அங்கயே அடிபட்டு போச்சு. கூன் இருந்தவங்க கூன் இல்லாதவங்களை விட 1.44 மடங்கு வேகத்துல இறந்தாங்கங்கறதும் அதே ஆய்வுல வந்துச்சு. கூன் ஆளை கொல்லுதுன்னு இதுக்கு அர்த்தம் பண்ணிக்க கூடாது, உடம்பு உள்ளுக்குள்ள தளர்ந்து போனதோட அடையாளமாவும் இருக்கலாம்.

ஆண்களுக்கு ஏன் இப்படி?

முதல் விஷயம் விறைப்பு. டிஷ்னு சுருக்கமா சொல்ற ஒரு நிலைமை இருக்கு, முதுகெலும்போட முன்னாடி இருக்கற தசைநார்ல கால்சியம் படிஞ்சு, மெழுகு உருகி ஒழுகின மாதிரி எலும்புங்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிடும். 50 வயசுக்கு மேல ஆண்களுக்குத்தான் அதிகம், சர்க்கரையும் தொப்பையும் இருக்கறவங்களுக்கு இன்னும் அதிகம். இது உடையறது இல்ல, உறையறது. வளைஞ்ச நிலைல உறைஞ்சிட்டா மல்லாக்க படுத்தாலும் நிமிராது, கார் ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்து மட்டும் திரும்பாம மொத்த உடம்பும் சேர்ந்து திரும்பும்.

ரெண்டாவது, ஆண்களுக்கும் எலும்புப்புரை வரும், ஆனா யாரும் தேடறதில்ல. ஆணோட எலும்பு ஆரம்பத்துலயே பெருசு, மாதவிடாய் நிக்கற மாதிரி திடீர் சரிவும் கிடையாது, அதனால பத்து வருஷம் தள்ளி வருது. வர்றப்போ பின்னாடி ஒரு காரணம் ஒளிஞ்சிருக்கும்: மூச்சிரைப்புக்கோ மூட்டுவாதத்துக்கோ மாசக்கணக்குல எடுத்த ஸ்டீராய்டு மாத்திரை, குடி, புராஸ்டேட் கேன்சருக்காக ஆண் ஹார்மோனை நிறுத்தற ஊசி. ஆண் ஹார்மோனுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்னா, ஆண் உடம்புலயும் டெஸ்டோஸ்டிரோன்ல ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனா மாறித்தான் எலும்பை காப்பாத்துது. அந்த ஊசி போட ஆரம்பிக்கும்போதே டெக்ஸா எடுக்க சொல்லணும், இதை கேட்டு வாங்கறது குடும்பத்தோட வேலையாத்தான் இருக்கு. இடுப்பெலும்பு உடைஞ்ச பிறகு முதல் வருஷத்துல இறந்து போறது பெண்களை விட ஆண்கள்தான் அதிகம்.

மூணாவது பார்க்கின்சன். பெண்களுக்கும் வரும், ஆண்களுக்கு கொஞ்சம் கூடுதல். 1817ல ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை முதல்முதலா விவரிச்சு எழுதினப்பவே கை நடுக்கத்தோட உடம்பு முன்னாடி வளையறதையும் சேர்த்துத்தான் எழுதினாரு. சில பேருக்கு நடக்க ஆரம்பிச்சா இடுப்புலேர்ந்தே மடங்கும், படுத்தா பலகை மாதிரி நேரா ஆயிடும். எலும்புல பிரச்சினை இருந்தா இப்படி ஆகாது.

வயக்காட்டு முதுகு

இதுவரைக்கும் சொன்னது பெரும்பாலும் மேல்முதுகு வளையறது. கீழ் முதுகே முன்னாடி மடங்கற ஒரு ரகம் தனியா இருக்கு, இதை உலகத்துக்கு எடுத்து சொன்னது ஜப்பான்காரங்க. 1988ல ஜப்பான் டாக்டர்கள் இதுக்கு லம்பார் டீஜெனரேட்டிவ் கைஃபோசிஸ்னு பேர் வெச்சு விவரமா எழுதினாங்க, அப்புறம் கொரியாலேர்ந்தும் நிறைய வந்துச்சு. வருஷக்கணக்கா குனிஞ்சும் குத்துக்காலிட்டும் விவசாயம் பாத்த பெண்கள்தான் இதுல அதிகம். முதுகு தசை மெலிஞ்சு, கொழுப்பு ஏறி, இழுத்து பிடிக்கற வலு போயிடுது. கொஞ்ச தூரம் நல்லா நடப்பாங்க, நடக்க நடக்க குனிஞ்சுக்கிட்டே போவாங்க. பாத்திரத்தை முன்னாடி பிடிச்சு தூக்கிட்டு போக முடியாது, மேடு ஏற முடியாது, சமையல் மேடைல முழங்கையை ஊனித்தான் வேலை செய்ய முடியும், ஊனி ஊனி முழங்கைல காய்ப்பு காய்ச்சிருக்கும்.

நாத்து நடறதும் களை எடுக்கறதும் நம்மூர்லயும் அதே குனிஞ்ச வேலைதான், அதையும் பெண்களே பாக்கறாங்க. வயக்காட்டு வேலை செஞ்ச பாட்டிக்கு இடுப்புலேர்ந்து வளைஞ்சிருந்தா "கால்சியம் கம்மி"ன்னு முடிச்சிடாம தசையை பாக்கணும்.

இதோட குழப்பிக்க கூடிய இன்னொண்ணும் உண்டு. கீழ் முதுகுல நரம்பு போற பாதை சுருங்கிட்டா நிமிர்ந்து நின்னா கால் மரத்து கனக்கும், குனிஞ்சா அந்த பாதை கொஞ்சம் விரிஞ்சு சுகமா இருக்கும். அதனால இவங்க வேணும்னேதான் குனியறாங்க. நடந்தா அம்பதடில நின்னுடுவாங்க, சைக்கிள்னா ரெண்டு கிலோமீட்டர் ஓட்டுவாங்க, ஏன்னா ஹேண்டில்பாரை பிடிச்சு குனிஞ்ச மாதிரியே இருக்கலாம். இவங்களை பாத்து "நிமிர்ந்து நட"ன்னு அதட்டறது கொடுமை.

உடம்பு எப்படி ஈடு கட்டுது

எந்த காரணமா இருந்தாலும் மேல்பாதி முன்னாடி சாஞ்ச உடனே உடம்பு கண்ணை நேரா வைக்க ஒவ்வொரு மூட்டா கடன் வாங்க ஆரம்பிக்குது:

1. கழுத்தை பின்னாடி மடக்கி முகத்தை தூக்கும். பிடரி வலி, தலைவலி இங்கேர்ந்துதான்.
2. இடுப்பெலும்பை பின்னாடி சுத்தும். பிட்டம் தட்டையாகி வேட்டி நிக்காம நழுவும்.
3. அதுவும் பத்தலன்னா முட்டியை லேசா மடிச்சே வெச்சிருக்கும். மடிச்ச முட்டியோட ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க, தொடை எப்படி எரியுதுன்னு தெரியும்.
4. கடைசில தடி, சுவர், பேரன் தோள்.

இந்த வரிசை முக்கியம். முட்டி வலின்னு போற பெரியவருக்கு மூலம் முதுகுல இருக்கலாம், முதுகு வலின்னு போறவருக்கு இடுப்பு மூட்டு நீளாததுதான் மூலமா இருக்கலாம். முட்டியை மட்டும் எக்ஸ்ரே எடுத்து பாத்தா கதைல கடைசி பக்கத்தை மட்டும் படிச்ச மாதிரி.

அடி சின்னதாகும், கால் சரியா தூக்காது, கீழ விழறது கூடும். 65 வயசுக்கு மேல சுமார் மூணுல ஒருத்தர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழறாங்க. மூச்சும் அடிபடும், நெஞ்சு பகுதில ஒரு எலும்பு நசுங்கினா நுரையீரல் கொள்ளளவுல சுமார் 9 சதவீதம் குறையுது. விலா எலும்பு இறங்கி இடுப்பெலும்பை இடிக்கற அளவுக்கு வந்துட்டா வயித்துக்கு எடம் இல்லாம தொப்பை முன்னாடி பிதுங்கும், ரெண்டு இட்லிக்கே வயிறு ரொம்பிடும், நெஞ்சு எரியும். சாப்பாடு குறையுது, அதனால தசை இன்னும் மெலியுது. இதை யாரும் முதுகோட சேர்த்து யோசிக்கறதில்ல, "வயசானா பசி குறையும்"னு விட்டுடறாங்க.

பாய்ல படுக்க வெச்சு பாருங்க

ஸ்கேனுக்கு முன்னாடி வீட்லயே பாக்கக்கூடியது நிறைய இருக்கு. இது டாக்டருக்கு மாற்று இல்ல, டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்னு தெரிஞ்சுக்கறதுக்கு.

1. சுவர்ல குதிகாலும் முதுகும் படற மாதிரி நிக்க சொல்லுங்க. பின்னந்தலை சுவரை தொடுதா? தொடலன்னா எத்தனை விரற்கடை இடைவெளின்னு குறிச்சு வைங்க, ஆறு மாசம் கழிச்சு திரும்ப பாருங்க.
2. பாய்ல மல்லாக்க படுக்க சொல்லுங்க, தலைக்கு துண்டை மடிச்சு வெச்சு எத்தனை மடிப்பு தேவைப்படுதுன்னு பாருங்க. படுத்ததும் முழுசா நேராயிட்டா தசை பக்கம், இல்ல நரம்பு பக்கம், பார்க்கின்சன் பக்கம் சந்தேகம். படுத்தும் நிமிரலன்னா எலும்பு, டிஸ்க், இல்ல உறைஞ்ச முதுகு.
3. வளைவு எங்க இருக்கு? தோள்பட்டைக்கு நடுவுலயா, இடுப்புக்கு மேலயா? ஒரே எடத்துல கூரா, முடிச்சு மாதிரி துருத்திக்கிட்டு நிக்குதா? கடைசியா சொன்னதுக்கு, கூடவே சாயந்தர காய்ச்சலும் எடை குறையறதும் இருந்தா, முதுகெலும்பு டிபியை கண்டிப்பா தேடணும். 1779லயே பெர்சிவல் பாட்டுங்கற லண்டன் சர்ஜன் விவரிச்ச நோய், இந்தியால இன்னும் சகஜமா இருக்கு, மருந்துல குணமாகக்கூடியது.
4. உயரத்தை அளங்க. இளவயசு உயரத்துலேர்ந்து 4 சென்டிமீட்டர் இல்ல அதுக்கு மேல குறைஞ்சிருந்தாலோ, ரெண்டு அளவுக்கு நடுவுல 2 சென்டிமீட்டர் குறைஞ்சிருந்தாலோ முதுகெலும்பு எக்ஸ்ரே எடுக்கறது நியாயம். பழைய வேலை மெடிக்கல் ரிப்போர்ட் இருந்தா அதுல உயரம் இருக்கும்.

எது நிமிர்த்தும், எது ஒடிக்கும்

இந்த கட்டுரைல ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் இருக்கும்னா அது இதுவா இருக்கட்டும். 1984ல அமெரிக்கால எலும்புப்புரை இருந்த 59 பெண்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. முதுகை பின்னாடி நிமிர்த்துற பயிற்சி செஞ்சவங்கள்ல 16 சதவீதம் பேருக்கு புதுசா எலும்பு நசுங்குச்சு. முன்னாடி குனியற பயிற்சி செஞ்சவங்கள்ல 89 சதவீதம். ஒண்ணுமே செய்யாதவங்க 67. சின்ன ஆய்வுதான், ஆனா வித்தியாசம் அவ்வளவு பெருசு. சும்மா இருந்தவங்களை விட குனிஞ்சு பயிற்சி பண்ணவங்களுக்கு கேடு. கால் கட்டைவிரலை தொடற பாதஹஸ்தாசனம், உக்காந்து குனியற பச்சிமோத்தாசனம், வயித்தை குறைக்க படுத்து எந்திரிக்கற சிட்-அப் எல்லாம் எலும்புப்புரை இருக்கறவங்களுக்கு வேண்டாம். யோகாவே வேண்டாம்னு இல்ல, வயசானவங்க 118 பேரை வெச்சு பண்ண ஒரு ஆய்வுல, ஆறு மாசம் அவங்களுக்குன்னு மாத்தி அமைச்ச யோகா செஞ்சவங்களுக்கு வளைவு சுமார் 5 சதவீதம் குறைஞ்சதா 2009ல வெளிவந்துச்சு. சொல்லித்தர்றவர்கிட்ட டி ஸ்கோரை முன்னாடியே சொல்லிடணும், வகுப்புல எல்லாரோடயும் சேர்ந்து குனியக்கூடாது.

நிமிர்த்துற பயிற்சியால எவ்வளவு மாறும்னா, சான் பிரான்சிஸ்கோல 60 வயசுக்கு மேற்பட்ட 99 பேர்ல சுமார் பாதி பேருக்கு ஆறு மாசம் பிசியோ வெச்சு பண்ணி, மிச்ச பேரோட ஒப்பிட்டு 2017ல சொன்னது சுமார் 3 டிகிரி. பதினஞ்சு நாள்ல நிமிரும்னு சொல்றதுக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம்னு பாருங்க. ஆனா வருஷா வருஷம் கூடிக்கிட்டே போக வேண்டியது நின்னு, 3 டிகிரி திரும்பி வர்றது சின்ன விஷயம் இல்ல.

பெல்ட் விஷயம்: தோளை பின்னாடி இழுக்கற எலாஸ்டிக், நசுங்கின எலும்பை நிமிர்த்தாது, உறைஞ்ச முதுகை அசைக்கவே அசைக்காது. எலும்பு புதுசா நசுங்கி வலிக்கும்போது டாக்டர் சில வாரத்துக்கு ஒரு பெல்ட் போட சொல்லலாம், அது வேற ரகம். நாள் பூரா மாட்டிக்கிட்டு தசைக்கு வேலையே குடுக்காம விட்டா தசை இன்னும் மெலியும்.

சாப்பாட்டுல கால்சியம், நம்ம நாட்டு கணக்குப்படி பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ன பெண்களுக்கு 1,200. நூறு கிராம் கேழ்வரகுல சுமார் 350 இருக்கு, அதோட தயிர், மோர், சின்ன மீனை முள்ளோட. வெயில் இவ்வளவு அடிச்சும் வைட்டமின் டி குறைவு இங்க பரவலா இருக்கு, வீட்டுக்குள்ளயே இருக்கற வயசானவங்களுக்கு டெஸ்ட் பண்ணி பாக்கறது நல்லது. புரதம் கட்டாயம், தசைக்கு கால்சியம் போதாது.

எலும்புப்புரைன்னு உறுதியானா மருந்து இருக்கு, நல்லாவே வேலை செய்யும். வாரம் ஒரு தடவை போடற அலெண்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயித்துல ஒரு டம்ளர் நிறைய தண்ணியோட முழுங்கிட்டு அரை மணி நேரம் படுக்காம இருக்கணும், இல்லன்னா உணவுக்குழாய் புண்ணாகும், நிறைய பேர் காபியோட போட்டுட்டு "ஒத்துக்கல"ன்னு நிறுத்திடறாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஏத்துற சோலெட்ரோனேட் இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போடற டெனோசுமாப் ஊசில ஒரு கண்டிஷன் இருக்கு: தேதி தள்ளிப்போனாலோ மாத்து மருந்து இல்லாம நிறுத்தினாலோ மருந்தால சேர்ந்த எலும்பு வேகமா கரைஞ்சு ஒரே நேரத்துல ரெண்டு மூணு முதுகெலும்பு நசுங்கறது நடக்குது. ஊசி போட்ட அன்னிக்கே அடுத்த தேதியை காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிடுங்க.